சில்லிட்ட கால்

கெடாவில் இந்தியக் குடும்பங்களுக்குக் கால் வியாதி புதிதல்ல. சுங்கை பட்டாணியிலோ கூலிமிலோ பாடாங் செராயிலோ எந்தத் தாமானுக்குள் போய்க் கேட்டாலும், இனிப்பு நீரால் கட்டைவிரலை இழந்த ஒரு சித்தப்பாவைப் பற்றியோ, முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்ட ஒரு பாட்டியைப் பற்றியோ சொல்வார்கள். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களிடையே அது 31 விழுக்காட்டையும் தாண்டியது. அதனால் கால் எப்படிப் போகும் என்பதற்கு நம் வீடுகளில் ஒரு படம் பதிந்திருக்கிறது. முதலில் மதமதப்பு, பிறகு ஆறாத புண், கிளினிக்குக்கு நடை, மருந்து வைத்துக் கட்டுதல், மாதங்கள், சிலருக்கு வருடங்கள்.

மணிக்கணக்கில் போய்விடும் கால் ஒன்றும் உண்டு. நேற்று வரை கடைக்கு நடந்து போய் வந்தவருக்குக் காலையில் எழும்போது ஒரு கால் மட்டும் வலியில் துடிக்கிறது, தொட்டால் சில்லென்று இருக்கிறது, நிறம் வெளுத்திருக்கிறது. காலுக்குப் போகும் தமனி திடீரென்று அடைத்துக்கொண்டதன் அடையாளம் இது. மெதுவான வியாதியோடு பழகிய வீடு இதையும் மெதுவாகவே பார்க்கிறது. அறுவை அறையில் இழப்பதைவிட, வீட்டுக் கூடத்தில் தைலம் தேய்த்துக்கொண்டே இழக்கும் கால்கள் அதிகம் என்பது என் எண்ணம்.

காலுக்கான பெரிய தமனியின் துடிப்பு தொடையிடுக்கில் கைக்குத் தட்டுப்படும். அங்கிருந்து அது தொடையின் உட்புறமாக இறங்கி, முழங்காலின் பின்பக்கம் வந்து, கெண்டைக்காலில் மூன்று கிளைகளாகப் பிரிந்து பாதத்துக்குப் போகிறது. இந்த வழியில் ஓரிடம் அடைத்தால் அதற்குக் கீழே இருப்பதெல்லாம் பட்டினி கிடக்கத் தொடங்கும். ஆனால் எல்லாம் ஒரே வேகத்தில் சாவதில்லை. நரம்புதான் முதலில் தவிக்கும். விரல்கள் மதமதத்துப்போவது அதனால்தான். தசை நான்கிலிருந்து ஆறு மணி நேரம் வரை தாக்குப்பிடிக்கும். தோல் அதற்குப் பிறகும் நிற்கும். இங்கேதான் ஏமாற்றம் ஒளிந்திருக்கிறது. வெளியே தோல் கறுக்காமல் இருக்கும்போதே உள்ளே தசை செத்திருக்கலாம். கறுத்தால் ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று காத்திருக்கும் வீடு, தெரியாமலே கெடுவைக் கடந்துவிடுகிறது.

ஆறு மணி நேரம் என்பதும் கல்லில் வெட்டிய கணக்கல்ல. வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிய தமனியைச் சுற்றி உடம்பு தானாகவே சின்னச் சின்னப் பக்கக் குழாய்களை வளர்த்துக்கொள்ளும். கொஞ்ச தூரம் நடந்தால் கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறது, நின்றால் சரியாகிறது என்று சொல்பவர்களின் கால் அப்படிப்பட்டது. கடைசியில் பெரிய குழாய் முற்றாக அடைத்தாலும் பக்கக் குழாய்கள் சற்று அவகாசம் கொடுக்கும். நோயே இல்லாத நல்ல தமனியில் எங்கிருந்தோ ஒரு ரத்தக்கட்டி வந்து உட்கார்ந்தால் அந்தக் காலுக்கு மாற்றுவழி கிடையாது. நேற்று வரை நன்றாக நடந்த கால்தான் அதிக ஆபத்தில் இருக்கிறது. கேட்பதற்குத் தலைகீழாக இருந்தாலும் நடப்பு அதுதான்.

எங்கிருந்தோ என்றேன், பெரும்பாலும் அது இதயம். வயதானவர்களுக்கு இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் படபடவென்று நடுங்கும் ஒரு கோளாறு வரும்; ஏட்ரியல் ஃபிப்ரில்லேஷன் என்பார்கள். மேலறை சரியாகப் பிழியாதபோது அதன் மூலையில் ரத்தம் தேங்குகிறது. மங்கில் வடிந்த ரப்பர்ப் பாலை நேரத்துக்கு எடுக்காமல் விட்டால் அங்கேயே உறைந்து கட்டியாகிவிடுமல்லவா, அது போல. அந்தக் கட்டி ஒருநாள் பெயர்ந்து ரத்த ஓட்டத்தோடு கிளம்பினால், மூளைக்குப் போகலாம், அப்போது பக்கவாதம். கீழே இறங்கினால் தமனி இரண்டாகப் பிரியும் ஏதாவது ஒரு முச்சந்தியில், அதிகமாகத் தொடையிடுக்கில், சிக்கிக்கொள்ளும். லயங்களில் நெருக்கியடித்து வளர்ந்த தலைமுறைக்கு இன்னொரு காரணமும் உண்டு. சிறு வயதில் கவனிக்காமல் விட்ட தொண்டைப் புண்ணிலிருந்து வாதக் காய்ச்சல் வந்து, இதயத்தின் இடது வால்வு சுருங்கிப்போயிருக்கும். அதன் பின்னாலும் ரத்தம் தேங்கும். மாரடைப்புக்குப் பிந்திய வாரங்களிலும் இதயச் சுவரில் கட்டி படியலாம்.

காலிலேயே உருவாகும் அடைப்பு வேறு வகை. இனிப்பு நீரும் சிகரெட்டும் கொழுப்பும் சேர்ந்து கரடாக்கிய தமனியில் ரத்தம் உறைவது அது. மூன்றாவது வகை அடிபடுதல். காப்சாய் மோட்டாரில் போய் விழுந்து முழங்கால் மூட்டு நழுவினால், மூட்டின் பின்னால் ஒட்டிக் கிடக்கும் தமனி கிழியலாம் அல்லது உட்சுவர் சுருண்டு அடைத்துக்கொள்ளலாம். எலும்பு முறியவில்லை, வெறும் நழுவல்தான், இழுத்துவிட்டால் போதும் என்று நினைக்கும் இடம் இது. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கப் படையில் தமனி அடிபட்ட 2,471 பேரின் கணக்கை டிபேக்கி, சிமியோன் என்ற அறுவை மருத்துவர்கள் 1946இல் வெளியிட்டார்கள். அன்றைய முறை கிழிந்த தமனியைக் கட்டிப்போடுவது. அப்படிக் கட்டியவர்களில் கை கால் இழந்தவர்கள் ஏறக்குறைய பாதிப் பேர். முழங்காலுக்குப் பின்னால் அடிபட்டவர்களில் நான்கில் மூன்று பங்கு. சில வருடங்கள் கழித்துக் கொரியப் போரில் தமனியைத் தைத்துச் சரிசெய்யத் தொடங்கியதும், காயம்பட்டவர்களை ஹெலிகாப்டரில் சீக்கிரம் கொண்டுவந்ததும், இழப்பை 13 விழுக்காடு அளவுக்குக் குறைத்தன.

அறிகுறிகளுக்கு வருவோம். பெரிய கருவி எதுவும் வேண்டாம், இன்னொரு கால் போதும். இரண்டு பாதங்களையும் ஒரே நேரத்தில் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். ஒன்று வெதுவெதுப்பாகவும் மற்றது சில்லென்றும் இருந்தால், அதிலும் சில்லிப்பு ஒரு கோடு போட்டது மாதிரி நின்றால், அடைப்பு அதற்கு ஒரு மூட்டு மேலே இருக்கலாம். நிறம் முதலில் வெளுக்கும், பிறகு நீலத்திட்டுகள் படரும். அந்தத் திட்டை விரலால் அழுத்தினால் வெளுத்துத் திரும்ப நிறம் வந்தால் இன்னும் நேரம் இருக்கிறது. அழுத்தியும் மாறாவிட்டால் வெகு நேரம் கடந்துவிட்டது. பாதத்தின் மேற்புறத்திலும், உள் கணுக்காலுக்குப் பின்னாலும் நாடி தெரியும். அது இல்லாமல் போயிருக்கும். கடைசி இரண்டும்தான் மிக முக்கியம்: தொடும் உணர்வு போவது, விரலை அசைக்க முடியாமல் போவது. வலியோடு அசையும் கால் காத்திருக்கிறது. வலி குறைந்து அசையாமல் கிடக்கும் கால் செத்துக்கொண்டிருக்கிறது. வலி குறைந்துவிட்டது, தைலம் கேட்டுவிட்டது என்று வீட்டார் ஆறுதல்படுவது பல சமயம் இந்த நேரத்தில்தான்.

இனிப்பு நீர் உள்ளவர்கள் விஷயத்தில் இன்னும் ஒரு படி கவனம் வேண்டும். அவர்களுடைய நரம்பு ஏற்கெனவே மந்தமாகியிருப்பதால் பெரிய வலியே தெரியாமல் போகலாம். எப்போதும் மதமதப்பாக இருக்கும் காலில் இன்றைய மதமதப்பு யாருக்குத் தனியாகத் தெரியும்? அவர்களுக்குச் சில்லிப்பும் நிறமும்தான் சாட்சி.

அந்தக் காலத்துத் தோட்டங்களில் இதைப் பார்க்க ஒரு கண் இருந்தது. டிரஸ்ஸர் என்று ஒருவர் இருப்பார். அவர் டாக்டர் அல்ல. ஆனால் எது தன் கைக்கு அடங்காதது என்று அவருக்குத் தெரியும், தோட்ட லாரியை எடுக்கச் சொல்லும் அதிகாரமும் இருக்கும். தோட்டங்கள் கைமாறி, துண்டாகி, ரப்பர் போய் செம்பனை வந்து, குடும்பங்கள் சுங்கை பட்டாணி, கூலிம், பீடோங் பக்கத் தாமான்களுக்கு இறங்கியபோது அந்தக் கண்ணும் போய்விட்டது. இன்று நகரத்தில் ஆஸ்பத்திரி பக்கத்தில்தான் இருக்கிறது. அங்கே போகவேண்டும் என்று சொல்ல வீட்டுக்குள் ஆள் இல்லை.

போகும் வழியில் செய்யவேண்டியவை மிகக் குறைவு. படுக்க வையுங்கள். காலை உயர்த்தித் தலையணையில் வைக்காதீர்கள். ரத்தம் ஏற வழியில்லாத காலை உயர்த்தினால் வருகிற கொஞ்சமும் நின்றுபோகும். உடம்பைவிடக் கால் சற்றுத் தாழ்ந்திருந்தால் நல்லது. தேய்க்கவும் பிடித்துவிடவும் வேண்டாம். வெந்நீர்ப் பையோ சூடான ஒத்தடமோ கூடவே கூடாது. உணர்வில்லாத தோல் வெந்துபோவது நோயாளிக்கே தெரியாது. ஐஸும் வேண்டாம். தளர்வாக ஒரு துணியைப் போர்த்துங்கள், குதிகால் கட்டையில் அழுந்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சாப்பாடும் காப்பியும் கொடுக்க வேண்டாம், மயக்க மருந்து தேவைப்படலாம். சாப்பிடும் மருந்துகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொள்ளுங்கள், ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் இருந்தால் கட்டாயம். எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்பதை எழுதி வையுங்கள். 999க்கு அழையுங்கள். சிக் அல்லது பாலிங் பக்கத்து உட்புறங்களில் இருப்பவர்கள் இதை இன்னும் சீக்கிரம் செய்யவேண்டும். பாலிங்கிலிருந்து சுங்கை பட்டாணிக்கே ஐம்பது கிலோமீட்டருக்கு மேல், மாவட்ட ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு மேலே அனுப்பும் நேரமும் அந்த ஆறு மணி நேரத்துக்குள்தான் அடங்கவேண்டும்.

ஆஸ்பத்திரி வாசலில் பேச்சும் ஒரு மருந்துதான். அவசரப் பிரிவில் வருகிறவர்களைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிப்பார்கள். மலாயில் காக்கி சாக்கிட் (கால் வலி) என்று மட்டும் சொன்னால் மூட்டு வலிக்காரர்களோடு பச்சைப் பக்கம் உட்காரவேண்டி வரலாம். திபா-திபா (திடீரென்று), செஜூக் (சில்லிப்பு), கெபாஸ் (மதமதப்பு), தாக் போலே கெராக் (அசைக்க முடியவில்லை), எந்த மணியிலிருந்து: இவ்வளவும் முதல் வாக்கியத்திலேயே வரவேண்டும்.

ரத்தம் அடைத்த கால் என்றால் கெடாத் தோட்டங்களில் இன்னொரு கதையையும் சொல்லாமல் நகர முடியாது. அது பாம்பிலிருந்து தொடங்குகிறது. ரப்பர்க் காட்டின் உதிர்ந்த இலைகளுக்குள் சருகு நிறத்தில் சுருண்டு கிடக்கும் ஒரு குழிவிரியன் உண்டு. மலாய்க்காரர்கள் கப்பாக் போடோ என்பார்கள். ஆள் அரவம் கேட்டாலும் நகராது, மிதித்தால் கடிக்கும், கடித்த பிறகும் பெரும்பாலும் அங்கேயே கிடக்கும். விடியற்காலையில் பால் மரம் வெட்டப் போகிறவர்களின் பாதமும் கணுக்காலும்தான் அதற்கு இலக்கு. கடித்ததும் நம்மவர்கள் செய்தது காலை இறுக்கிக் கட்டுவது. கயிறு, துண்டு, சைக்கிள் டியூப், கைக்குக் கிடைத்தது எதுவானாலும். விஷம் ஏறாமலிருக்கக் கட்டிய கட்டு ரத்தம் இறங்காமலும் செய்துவிடும். இதயத்திலிருந்து கட்டி வந்து அடைத்தால் என்ன நடக்குமோ அதையே நம் கையால் செய்வதுதான் அது. விஷமோ கடிவாயைச் சுற்றிய சதையை அரிக்கும் இனம். கட்டினால் அங்கேயே தேங்கி இன்னும் அரிக்கும்.

பினாங்கு பொது மருத்துவமனையில் 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் வேலை செய்த அலிஸ்டர் ரீட் என்ற டாக்டர் வடமலாயாவின் பாம்புக்கடிகளைப் பொறுமையாகப் பதிவு செய்தவர். இந்தக் குழிவிரியன் கடித்தவர்களைப் பற்றி அவரும் கூட்டாளிகளும் எழுதிய ஆய்வு 1963இல் லான்செட் இதழில் வந்தது. அவர் கண்டது இரண்டு. ஒன்று, இந்தப் பாம்பு கடித்தால் சாவது அரிது. கணிசமானவர்களுக்கு விஷம் பெரிதாக ஏறுவதே இல்லை. அப்படியானால் உயிரைக் காக்க என்று கட்டும் கட்டு காலைத்தான் பணயம் வைக்கிறது. மற்றது வியப்பானது. விஷம் ஏறியவர்களின் ரத்தம் நாள்கணக்கில் உறையாமலே இருந்தது. அப்படியிருந்தும் பலர் பெரிய ரத்தப்போக்கு இல்லாமல் வார்டில் சாதாரணமாக இருந்தார்கள்.

அதைப் பார்த்ததும் ஒரு கேள்வி எழுந்தது: ரத்தம் உறைந்து அடைக்கும் நோய்க்கு இந்த விஷமே மருந்தாகுமா? ரத்தம் கட்டியாகத் தேவையான ஃபைப்ரினோஜென் என்ற புரதத்தை இந்த விஷத்தின் ஒரு கூறு அரைகுறையாக வெட்டி, உறுதியில்லாத இழைகளாக்கித் தீர்த்துவிடுகிறது. அந்தக் கூறைப் பிரித்தெடுத்து அன்க்ராட் என்று பெயரிட்டார்கள். ஆர்வின் என்ற பெயரில் ஐரோப்பாவில் கால் ரத்தக்குழாய் நோய்களுக்கும் சிரை அடைப்புக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். பக்கவாதத்துக்குச் செய்த அமெரிக்கச் சோதனை 2000இல் நம்பிக்கை கொடுத்தது, 2006இல் வெளியான ஐரோப்பியச் சோதனை அதைக் கலைத்தது. இன்று அது வழக்கத்தில் இல்லை. பால் மரத்தடியில் கடிபட்டவர்களின் ரத்தத்திலிருந்து புறப்பட்ட ஒரு மருந்து உலகைச் சுற்றி வந்தது என்பது நம் தோட்ட வரலாறுகளில் எங்கும் எழுதப்படாதது எனக்குக் குறையாகவே படுகிறது.

இன்று கடிபட்டவருக்கு வேண்டியது கட்டு அல்ல. காலை அசைக்காமல் வைத்துக்கொண்டு வண்டியில் ஏற்றுவதுதான். இந்தக் குழிவிரியனுக்கான முறிவு மருந்து பாங்காக்கில் தாய்லாந்துச் செஞ்சிலுவைச் சங்கத்தின் நிலையத்தில் தயாராகிறது. கண்ணாடிக் குழாயில் ரத்தத்தை எடுத்து 20 நிமிடம் அசையாமல் வைத்து, உறைகிறதா என்று பார்த்தே அந்த மருந்து வேண்டுமா என்று முடிவெடுக்கலாம். யாராவது கட்டிக்கொண்டு வந்திருந்தால், டாக்டர்கள் மருந்தையும் ஊசி வழியையும் தயாராக வைத்த பிறகே அவிழ்ப்பார்கள். தேங்கிய விஷம் ஒரே மூச்சாக ஏறிவிடக் கூடாது.

திரும்பவும் கட்டி அடைத்த காலுக்கு. அடைப்பு என்று சந்தேகம் வந்ததுமே, படம் எடுப்பதற்கு முன்னாலேயே ஹெப்பாரின் ஊசி போடுவார்கள். பெரியவர்களுக்கு முதலில் 5,000 யூனிட் என்பது பரவலான அளவு. அது இருக்கிற கட்டியைக் கரைக்காது. கட்டி மேலும் கீழும் நீண்டு பக்கக் குழாய்களையும் மூடிவிடாமல் தடுக்கும், அவ்வளவே. அதற்குப் பிறகு வலிக்கு மருந்து, சிரை வழியாகத் தண்ணீர், இதயத்துக்கு ஈசிஜி. கையடக்க டாப்ளர் கருவியைப் பாதத்தில் வைத்துத் தமனியின் சத்தம் கேட்கிறதா, சிரையின் சத்தமாவது கேட்கிறதா என்று பார்ப்பார்கள்.

பிறகு வருவதுதான் டாக்டரின் தீர்ப்பு. உணர்வும் அசைவும் சரியாக இருந்தால் சிடி ஸ்கேனில் ரத்தக்குழாயைப் படமெடுத்து நிதானமாகத் திட்டமிடலாம். விரல் நுனிகளில் மட்டும் உணர்வு குறைந்திருந்தால் அன்றைக்கே முடிக்கவேண்டும். அசைவு குறையத் தொடங்கியிருந்தால் படத்துக்குக் காத்திருப்பதே தவறாகலாம். நேராக அறுவை அறை. உணர்வு, அசைவு, இரண்டு டாப்ளர் சத்தங்களும் போய்த் தசை கட்டைபோல விறைத்திருந்தால் அந்தக் காலுக்கு ரத்தத்தைத் திறந்துவிடுவதே உயிருக்கு உலை. எடுத்துவிடச் சொல்வார்கள். வீட்டார் அங்கே டாக்டரோடு சண்டை போடுவதைப் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் அந்தத் தீர்ப்பைச் சில மணி நேரங்களுக்கு முன்பே கடிகாரம் எழுதிவிட்டது.

காலை மீட்கும் கருவி பார்க்க அற்பமானது. பாரிஸில் 1911இலேயே தமனியிலிருந்து கட்டியை வெற்றிகரமாக எடுத்திருக்கிறார்கள் என்றாலும், அரை நூற்றாண்டு வரை நீளமாகக் கிழித்து இடுக்கியால் துழாவுவதுதான் வழியாக இருந்தது. வயதான இதயநோயாளிகளில் பலர் அதைத் தாங்கவில்லை. அமெரிக்காவில் சின்சினாட்டியின் ஆஸ்பத்திரி ஒன்றில் உதவியாளாக நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்த தாமஸ் ஃபோகார்ட்டி, பின்னர் மருத்துவ மாணவரானார். மெல்லிய குழலின் நுனியில் அறுவைக் கையுறையின் விரல் நுனியை வெட்டி, தூண்டில் கட்டும் முடிச்சால் கட்டி ஒரு பலூன் செய்தார். தொடையிடுக்கில் சிறிய வெட்டு. பலூன் சுருங்கியிருக்க, குழல் கட்டியைத் தாண்டிப் போகும். பலூனை ஊதி மெதுவாக இழுத்தால் கட்டி முன்னால் வந்து விழும். அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்தே முடிக்கலாம். மனிதரிடம் 1961இல் முதலில் பயன்பட்டு, 1963இல் எழுத்தில் வந்தது. ரீடின் கட்டுரை வந்த அதே வருடம். உலகின் இயற்கை ரப்பரில் பெரும் பங்கு மலாயாவிலிருந்து போன காலம் அது. அந்தக் கையுறையின் பால் எந்த மரத்தில் வடிந்ததோ!

பழைய சுருக்கம் உள்ள தமனிக்கு இது மட்டும் போதாது. கரைக்கும் மருந்தைக் குழல் வழியாகக் கட்டிக்குள்ளேயே ஒருநாள்வரை சொட்டவிடுவதும், பலூனால் விரிப்பதும், மாற்றுப் பாதை தைப்பதும் தேவைப்படலாம். அண்மையில் பக்கவாதமோ ரத்தக்கசிவோ இருந்தவர்களுக்குக் கரைக்கும் மருந்து கூடாது.

ரத்தம் திரும்பி ஓடினால் கதை முடிந்தது என்று வெளியே நிற்பவர்கள் மூச்சு விடுவார்கள். உள்ளே அப்போதுதான் இரண்டாம் கண்டம். பட்டினி கிடந்த தசையிலிருந்து பொட்டாசியமும் அமிலமும் தசைப் புரதமும் கழுவிக்கொண்டு உடம்புக்குள் வரும். பொட்டாசியம் இதயத்தை நிறுத்தலாம், புரதம் சிறுநீரகத்தை அடைக்கலாம். சிறுநீர் தேநீர்ச் சாயம் போல வந்தால் நர்ஸுகள் பதறுவது அதனால்தான். காலும் வீங்கும். கெண்டைக்கால் தசைகள் நீளாத உறைகள் நான்கிற்குள் அடைபட்டிருப்பதால் வீக்கம் வெளியே போக இடமின்றி உள்ளேயே நசுக்கி, திறந்த ரத்தக்குழாயை மறுபடி மூடும். அதைத் தடுக்க இரண்டு பக்கமும் நீளமாகக் கீறித் திறந்து வைப்பார்கள். கட்டி எடுத்தது சின்னத் துளையில், பிறகு ஏன் காலையே கிழித்திருக்கிறார்கள் என்று மறுநாள் பார்க்க வருகிறவர்கள் கேட்பார்கள். அந்தக் கீறல்தான் காலை வைத்திருக்கிறது. வீக்கம் வடிந்ததும் தைத்தோ தோல் ஒட்டியோ மூடுவார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு இதயம் அதே இதயம்தான். நடுக்கம் நிற்காதவருக்கு அடுத்த கட்டி அடுத்த காலுக்கோ மூளைக்கோ போகலாம். ஆகவே உறைதலைத் தடுக்கும் மாத்திரை பெரும்பாலும் ஆயுளுக்கும் தொடரும். வார்ஃபரின் என்றால் கிளினிக்கில் ரத்தத்தைச் சோதித்து அளவை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். கீரையை ஒருவாரம் நிறையத் தின்று அடுத்த வாரம் முற்றிலும் விட்டால் கணக்குத் தப்பும். தினமும் ஒரே அளவாகச் சாப்பிட்டால் பிரச்சினை இல்லை. நாட்டு மருந்து எது சேர்த்தாலும் அங்கே சொல்லவேண்டும். பல் பிடுங்கப் போகும்போதும் சொல்லவேண்டும், மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது. சிகரெட்டை விடவேண்டும், இனிப்பு நீரைக் கட்டுக்குள் வைக்கவேண்டும். கட்டி இதயத்திலிருந்து வந்ததா, காலிலேயே உண்டானதா என்று டிஸ்சார்ஜ் தாளில் எழுதியிருப்பார்கள். அந்தத் தாளை மருந்துப் பையிலேயே வைத்திருந்தால், அடுத்த முறை எந்த ஊர் ஆஸ்பத்திரியில் போய் இறங்கினாலும் டாக்டருக்குப் பாதிக் கேள்விகள் மிச்சம்.